பாம்பன் பாலத்தில் இழுவை விட்ட இண்டிகா: பம்பைக் கழற்றும் முன்

தம்பி, நீங்கள் எழுதியதை ஒருமுறை கோத்துப் பார்த்துவிடுகிறேன். 2006 மாடல் டாடா இண்டிகா டீசல் கார், டர்போ இல்லாதது. நீங்கள் வெளிநாட்டில் இருந்த எட்டு மாதமும் கீழக்கரையில் வீட்டு வாசலில் அரை டேங்க் டீசலோடு நின்றிருக்கிறது. லீவில் வந்து குடும்பத்தோடு ராமேஸ்வரம் கிளம்பினீர்கள். பாம்பன் பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் ரேஸ் ஏறவில்லை, வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. பாலம் இறங்கி ஓரங்கட்டி, பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. தங்கச்சிமடம் தாண்டியதும் மறுபடி அதே நிலை. புகை இல்லை, டெம்பரேச்சர் முள் ஏறவில்லை, காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. டீசல் ஃபில்டர் மாற்றினீர்கள்; இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டுத் திரும்ப விழுந்தது. ஒரு மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். இன்னொருவர் போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். என்ன காரணம், பாலத்தில் ஏன் முதலில் காட்டியது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது, இவ்வளவு பழைய வண்டியில் இவ்வளவு பணம் போடலாமா, போட்டால் எதில் முதலில் கை வைப்பது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

பம்பையும் கழற்ற வேண்டாம், என்ஜினையும் இறக்க வேண்டாம். இப்போதைக்கு. நீங்கள் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ டீசல் வரத்து தடைபடுகிறது என்றுதான் காட்டுகின்றன. அதைச் சோதிக்க ஒரு கேன், இரண்டு முழம் ஹோஸ், இரண்டு கிளாம்பு, ஒரு புது ஃபில்டர் போதும்.

நான் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, மண்டபம் பக்கம் விசைப்படகு என்ஜினில் வேலை பழகியவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளும் எங்களுக்குப் படகு என்ஜின் வேலைதான். மற்ற மாதங்களில் கார், வேன், டிராக்டர். கடலுக்குள் போன இடத்தில் என்ஜின் இழுக்காமல் போனால் படகு டிரைவர் பம்பில் ஸ்பேனர் வைக்க மாட்டார். ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்ப்பார். கரையிலிருக்கும் நாம் ஏன் அந்த வரிசையை மறந்து பம்பிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று எனக்குப் புரிவதே இல்லை.

டீசல் என்ஜினில் ஒரு சங்கதி உறுதியாகச் சொல்லலாம்: இழுவை போகும்போது புகை என்ன நிறம் என்பதுதான் முதல் சாட்சி. கறுப்புப் புகையோடு இழுவை போனால் டீசல் போதுமான அளவு வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது டீசலைத் தெளிக்கும் நாசில் சரியாகப் பீய்ச்சவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை என்றால் டீசல் முழுசாக எரியாமல் வெளியேறுகிறது. டீசல் பீய்ச்சும் நேரம் (டைமிங்) பிசகுவது, சிலிண்டர் அழுத்தம் (கம்ப்ரஷன்) குறைவது, லைனில் காற்று என்று அதற்குப் பல காரணம் உண்டு. புகையே இல்லாமல் முழு மிதியில் வண்டி சோர்ந்து போனால் எரிக்க டீசலே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். உங்கள் வண்டி இந்தக் கடைசி வகை. ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்குப் பின்னால் வரும் புகை சரியாகத் தெரியாது. அடுத்த தடவை பின்சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். புகை இல்லை என்பது ஊர்ஜிதமானால்தான் நான் இனி எழுதப்போவது செல்லும்.

அதற்கும் முன்னால், என்ஜின்தான் சோர்கிறதா, அல்லது என்ஜின் கொடுக்கும் சக்தி வழியில் வீணாகிறதா என்பதைப் பிரித்துவிட வேண்டும். ரேஸ் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. நீங்கள் ரேஸே ஏறவில்லை என்று எழுதியிருப்பதால் அதை விட்டுவிடலாம். பிரேக் அப்படியில்லை. எட்டு மாதம் உப்புக் காற்றில் நின்ற வண்டியில் பிரேக் பிடித்துக்கொள்வது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். பிரேக் பேடைத் தாங்கும் காலிப்பரின் இரும்பு ஊசி துருப்பிடித்து, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வரும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுவிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூன்றில் சும்மா வழிந்து ஒன்றில் மட்டும் சுர்ரென்று ஆவியானால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்திருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், கொப்புளம் வந்துவிடும்.

இனி டேங்குக்கு வருகிறேன். பத்து நிமிஷம் நிறுத்தினால் சரியாகிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்கு மிகப் பெரிய துப்பு. இந்த வண்டியில் டேங்குக்குள் மோட்டார் கிடையாது. முன்னால் என்ஜினில் இருக்கும் ரோட்டரி பம்புதான் அத்தனை தூரத்திலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. டேங்கின் அடியில் உறிஞ்சு குழாய், அதன் வாயில் சின்ன வலை. அரை டேங்க் டீசலும் அரை டேங்க் ஈரக் காற்றுமாக மாதக்கணக்கில் நின்றால் உள்ளே நீர் கோக்கும், அது அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, பழுப்பும் கறுப்புமாகப் பாசி மாதிரி வழவழவென்று ஒன்று உண்டாகும். வண்டி நின்றவரைக்கும் அது அடியில் படிந்து கிடக்கும். ஓட ஆரம்பித்ததும் டீசல் அலம்பி, படிந்தது கலங்கி, உறிஞ்சு வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வேகம் கேட்கக் கேட்க உறிஞ்சும் வேகமும் கூடி, இன்னும் இறுக்கமாக ஒட்டும். நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, அழுக்கு மெல்லப் பிரிந்து கீழே விழும். அதற்குத்தான் அந்தப் பத்து நிமிஷம். ஃபில்டர் மாற்றி இரண்டு நாள் நன்றாக ஓடியதும் இதோடு ஒத்துப் போகிறது. வலையைத் தாண்டி வந்த நுண்ணிய அழுக்கு புது ஃபில்டரையும் இரண்டே நாளில் அடைத்திருக்கும்.

பாலத்தில் ஏன் முதலில் காட்டியது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் மலை ஏது, மேடு ஏது? கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று வரும் வழி முழுக்கச் சமதரை. பாதி மிதியில் ஓடும் என்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும், அடைப்பு தெரியாது. பாம்பன் சாலைப் பாலம் கிட்டத்தட்ட 2.3 கிலோமீட்டர் நீளம், கப்பல் போக நடுவில் உயர்த்திக் கட்டியது. அங்கேதான் வண்டி முதன்முதலாக முழு மிதி கேட்கிறது. போதாததற்கு மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாலத்தின் மேல் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும், அதுவும் ஒரு சுமைதான். தங்கச்சிமடம் தாண்டி விழுந்ததற்குக் காரணம் ஏற்றமல்ல. அழுக்கு மறுபடி வந்து ஒட்ட அவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது. சோதித்துப் பார்க்க நீங்கள் திரும்பப் பாலத்துக்குப் போக வேண்டியதில்லை, போகவும் வேண்டாம். அங்கே நின்றால் பின்னால் பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டிவிடும். ஆள் நடமாட்டமில்லாத நேராக நீண்ட ரோட்டில் நாலாவது கியரில் நாற்பதில் வைத்து முழுக்க மிதித்துப் பிடியுங்கள். அதே சுமை என்ஜினுக்குக் கிடைக்கும்.

செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இழுவை விழுந்ததும் ஓரங்கட்டி, பத்து நிமிஷம் காத்திராமல் உடனே இறங்கி டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடியைத் தளர்த்தி வைத்ததும் வண்டி நன்றாக ஓடினால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்க் உள்ளே வெற்றிடமாகி, பம்பு இழுக்க முடியாமல் திணறும். மண்ணும் குளவிக் கூடும் அந்தச் சிறு துவாரத்தை அடைப்பது நின்ற வண்டிகளில் நடப்பதுதான்.

மூடியில் ஒன்றுமில்லை என்றால், கழற்றிய ஃபில்டர் இன்னும் இருக்கிறதா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெரும்பாலும் பட்டறை மூலையில்தான் கிடக்கும். உள்ளேயிருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கவிழ்த்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து, நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும். பிறகு தகரக் கூட்டை ஆக்ஸா பிளேடால் அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை எடுத்துத் தினசரித் தாளின் மேல் விரித்துப் பாருங்கள். நல்ல ஃபில்டர் மங்கிய மஞ்சளாக இருக்கும். மடிப்பிடுக்கில் விரலால் வழித்தால் கறுப்பு மை மாதிரி வழவழவென்று வருகிறதா, துரு மண் போல நெருநெருக்கிறதா? வழவழப்பு என்றால் டேங்கில் பாசி. நெருநெருப்பு என்றால் டேங்க் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. அறுத்த தூள் காகிதத்தில் விழுந்து ஏமாற்றும், பளபளக்கும் இரும்புத் தூளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்தது கேன் சோதனை. இப்போதிருக்கும் ஃபில்டரும் அடைத்திருக்கும் என்பதால் முதலில் புது ஃபில்டர் மாட்டி, டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள ஐந்து லிட்டர் கேனிலிருந்து ஒரு ஹோஸை ஃபில்டருக்குக் கொடுக்க வேண்டும். பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் கேன் டீசல் முழுக்க டேங்குக்குப் போய்க் கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்து, வேறு கோளாறு என்று ஏமாறுவீர்கள். ஹோஸ் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிறதாக இருக்கட்டும். ஹேண்ட் பிரைமர் என்ற கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்து, கேனை அசையாமல் கட்டி, புகை போகும் மெனிஃபோல்ட் சூடும் சுழலும் பெல்ட்டும் படாமல் தள்ளி வைத்து, அதே ரோட்டில் அதே முழு மிதியில் ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக் உடன் இருக்கட்டும். கேனில் ஓட்டும்போது கோளாறு வரவே இல்லை என்றால் பம்பு, நாசில், போர் எல்லாம் நல்லபடி இருக்கின்றன. குற்றம் டேங்கிலும் லைனிலும்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்ரோல் வண்டியில் இந்தக் கேன் வேலையை யாரும் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும்.

லைனில் காற்று ஏறுவது இன்னொரு சாத்தியம். பலரும் கீழே டீசல் சொட்டவில்லையே, லீக் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டிக்கு அடியில் போகும் இரும்புக் குழாய் உப்புக் காற்றில் அரித்து ஊசி முனை அளவு துளை விழுந்திருக்கலாம். 1914-ல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வைத்த அதே காற்றுதான் உங்கள் வாசலிலும் வீசுகிறது. நின்ற வண்டியில் எலி ரப்பர் ஹோஸைக் கடித்திருக்கவும் கூடும். குழாய் ஓரம் ஒரு இடத்தில் மட்டும் புழுதி ஈரமாகக் கறுத்து அப்பியிருந்தால் அங்கே சந்தேகப்படுங்கள். ஆனால் காற்று ஏறும் வண்டியில் ராத்திரி டீசல் டேங்குக்கு இறங்கிவிட்டு, காலையில் செல்ஃப் நீளமாக இழுக்கும். உங்களுடையது ஒரே செல்ஃபில் எடுக்கிறது. அதனால் காற்றைவிட அடைப்புக்கே நான் அதிகம் சாய்கிறேன். கண்ணாடி ஹோஸில் குமிழ் ஓடுகிறதா என்று பார்த்தால் இதுவும் தெளிந்துவிடும்.

பானெட்டைத் திறந்திருக்கும்போதே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்பு லிவர் கடைசி வரை வருகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்தோ, தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் மடிந்தோ பாதியில் நின்றால் அதுவும் புகையில்லாத சோர்வுதான். ஆனால் அது விட்டு விட்டு வராது, எப்போதும் இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறங்கள். தேங்காய் நாரும் துணித் துணுக்கும் கொண்டுவந்து எலி கூடு கட்டியிருப்பதை எத்தனையோ வண்டியில் எடுத்துப் போட்டிருக்கிறேன். அது கறுப்புப் புகை வரவழைக்கும், உங்கள் அறிகுறி அல்ல, இருந்தாலும் திறந்தது திறந்ததுதானே. ரேடியேட்டரையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கடற்கரை வண்டிகளில் தண்ணீர் ஒழுகாது, குழாய் நன்றாக இருக்கும், நடுவிலுள்ள மெல்லிய தகடு மட்டும் வெள்ளைப் பொடியாக உதிரும். அந்த ரேடியேட்டர் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தணிக்காது. உங்கள் முள் ஏறவில்லை என்பதால் இப்போதைய கோளாறு இதுவல்ல. வெயில் காலத்தில் தொந்தரவு தராமலிருக்கத்தான் சொல்கிறேன்.

இனி அந்த இரண்டு மெக்கானிக்குகள் சொன்னது. போர் தேய்ந்த என்ஜின் பத்து நிமிஷத்தில் குணமாகாது. அது காலையில் ஸ்டார்ட் ஆகவே அழும், ஆயில் குடிக்கும், ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் புகையாகக் குபுகுபுவென்று அடிக்கும். ஒரே செல்ஃபில் எடுத்து, சமதரையில் நன்றாக ஓடும் என்ஜினைப் போர் போனது என்று இறக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருந்தாலும் கோளாறு நிரந்தரமாக இருக்கும், வந்து வந்து போகாது. ஆனால் அந்த பெல்ட் எப்போது மாற்றியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் தனியாக அதை மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வு வளைந்து நிஜமாகவே என்ஜினைத் திறக்க வைக்கும்.

பம்பு விஷயத்தில் நான் அவ்வளவு திடமாகப் பேச மாட்டேன். தேய்ந்த ரோட்டரி பம்பும் சூடானால் சோர்ந்து, ஆறினால் தெளிவதுண்டு. சூட்டில் டீசல் நீர்த்து, பம்பின் உள்ளேயே கசிந்துவிடும். அப்படிப்பட்ட பம்புக்கு இன்னொரு அடையாளம் இருக்கும்: நன்றாக ஓடிச் சூடான என்ஜினை நிறுத்தி உடனே ஸ்டார்ட் செய்தால் எடுக்காது, ஆறினால்தான் எடுக்கும். நீங்கள் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சோதித்துப் பாருங்கள். சூட்டில் எடுக்காமல், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரத்தில் எடுத்தால் பம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். வாளித் தண்ணீரைக் கொட்டாதீர்கள், பம்பு உள்ளே பிடித்துக்கொள்ளலாம். கேன் சோதனையிலும் இழுவை விழுந்து, சூட்டு ஸ்டார்ட்டிங்கும் கஷ்டமாக இருந்தால் அப்போது பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றலாம், முதல் மெக்கானிக் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொள்வேன்.

டேங்குதான் என்று தெரிந்துவிட்டால் வேலை ஒரு பகல் பொழுது. ஃபில்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, டேங்கை நோக்கி மெல்லக் காற்று ஊதினால் உள்ளே குடகுடவென்று சத்தம் கேட்டு அடைப்பு விடும். வண்டி உடனே பறக்கும், பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், அழுக்கு டேங்குக்குள்ளேயேதான் இருக்கிறது. டேங்கை இறக்கி, பழைய டீசலைக் கொட்டி, வலையையும் மிதவையையும் வெளியே எடுத்து, சுத்தமான டீசலாலேயே இரண்டு மூன்று தடவை அலசி, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். துளையிருந்தால் வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவி வெடித்து ஆள் சாகும். புது ஃபில்டர் போட்டு ஓட்டி, ஒரு மாதத்தில் அதையும் மாற்றிவிடுங்கள். ஃபில்டர் பக்கம் ஊதும்போது பம்பை நோக்கி ஒரு துளி காற்றும் அழுக்கும் போகக் கூடாது. இனி ஊருக்குக் கிளம்புமுன் டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள், வீட்டில் யாராவது வாரம் ஒரு தடவை தேவிபட்டினம் வரைக்காவது ஓட்டட்டும். படகுக்கு வாங்கி டிரம்மில் கிடக்கும் டீசலை ஊற்ற விடாதீர்கள்.

இதே கோளாறோடு வேறு வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. ஸ்விஃப்ட் டீசல் போன்ற காமன் ரெயில் வண்டிகளில் நாசில்களுக்கு டீசல் கொடுக்கும் பைப்பில் ஆயிரம் ‘பார்’ அளவுக்கும் மேல் அழுத்தம் ஏறும். என்ஜின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். அதில் கேன் வேலை வேண்டாம், ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். பெட்ரோல் மாருதிகளில் டேங்குக்குள்ளிருக்கும் மோட்டார், அதன் ரிலே, துருப்பிடித்த எர்த் வயர், கொதித்த இக்னிஷன் காயில் என்று கதையே வேறு.

தம்பி, வண்டியைப் பார்க்காமல் தூரத்திலிருந்து எழுதுகிறேன். டேங்க் மூடி, பழைய ஃபில்டர், கேன் என்ற வரிசையில் பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். கேனில் ஓட்டியும் விழுந்தால், விழுந்த நேரத்தில் புகை என்ன நிறம், சூட்டில் ஸ்டார்ட் ஆகிறதா, கண்ணாடி ஹோஸில் குமிழ் ஓடியதா என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அதை வைத்துத்தான் பம்பைக் கழற்றலாமா என்று சொல்ல முடியும்.